டாஷ்போர்டுக்குள் நான்கு நாள்

கடிதம் திங்கட்கிழமை வந்தது.
வேல்ஸின் இந்த மூலை முழுக்கப்
பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவள் நான்,
என் வீட்டுக்கு வந்ததை மட்டும் கொடுக்கவில்லை.

வேனின் டாஷ்போர்டுக்குள்
டார்ச்சுக்கும், பிசுபிசுத்த புதினா மிட்டாய்க்கும் நடுவே
நான்கு நாள் கிடந்தது
மான்செஸ்டர் இசைப்பள்ளியின் உறை.

"இன்னும் வரலையாம்மா?"
"இல்லடி."
அவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை
அந்தச் சொல்.

எலெரிக்கு ஒன்பது வயதில் பசூன் கொடுத்தார்கள்.
அவள் கேட்டதில்லை.
பள்ளி அலமாரியில் வயலினெல்லாம் தீர்ந்து
அதுதான் மிச்சம்.
நிறுத்திவைத்தால் அவள் உயரம்.
முதல் மாதம் கன்று போடும் மாடாகக் கதறியது.
பக்கத்து வீட்டு கெத்தின்
சுவரைத் தட்டினான்.
இரண்டாம் வருடம் ஒரு மழைநாளில்
அதே சுவரைத் தட்டி,
"இன்னொரு தரம்" என்றான்.

ரீட் ஒன்று இருபது பவுண்டு.
இரண்டு நாணல் சீவல், கொஞ்சம் நூல்,
பல் பட்டால் போச்சு.
மாதம் இரண்டு போனது.
இத்தெலின் பூட்ஸுக்குள்
கால்விரல்கள் மடங்கிக் கிடந்ததை
ஏப்ரலில்தான் பார்த்தேன்.
அவன் சொல்லவேயில்லை.

ஐந்தாம் கிரேடு தேர்வு பாங்கோரில்,
மெழுகு மணக்கும் ஒரு தேவாலயக் கூடத்தில்.
மூடிய கதவு. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நான்.
எனக்கு ஸ்வரம் படிக்கத் தெரியாது.
அவள் எங்கே மூச்செடுப்பாள் என்பது தெரியும்;
சமையலறையில்
வெங்காயம் நறுக்கும் என் கத்தியும்
அங்கேதான் நிற்கும்.
உள்ளே ஸ்கேல் ஏறியது.
இறங்குகிற வழியில் இடறியது.
மறுபடி முதலிலிருந்து ஏறியது.

நூற்றுப் பத்தொன்பது.
நூற்றிருபது எடுத்தால் மெரிட்.
"ஒரு மார்க்தானே" என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
வீடு வரைக்கும் வைப்பர்தான் பேசிக்கொண்டு வந்தது.
சிப்ஸ் பொட்டலம் அவள் மடியில் ஆறிப்போனது.

பிறகு பள்ளி விண்ணப்பம். பதினாறு பக்கம்.
'வீட்டின் இசைச்சூழலை விவரிக்கவும்.'
வேன் ரேடியோ என்று எழுதி அடித்தேன்.
சுவரைத் தட்டும் பக்கத்து வீட்டுக்காரர் என்று எழுதினேன்.
அடிக்காமல் விட்டுவிட்டேன்.

கிடைத்தாலும் காசில்லை என்று சொல்லிவிடலாம்,
அந்த ஒரு பதிலை
ஆறு மாதமாக மடித்து வைத்திருந்தேன்.
கடிதத்தில், கட்டணம் முழுவதும் அவர்களே.
தங்குமிடம், சாப்பாடு, இசைக்கருவி கூட.
என் பதில் என் கையிலேயே செல்லாக்காசாயிற்று.
மிச்சமிருந்த காரணம்
வெளியே சொல்லக்கூடியதாக இல்லை:
மாலை ஆறரைக்கு
இந்தச் சமையலறை என்ன செய்யும்?

வியாழக்கிழமை
மிட்டாய் தேடிய இத்தெல் உறையைத் திறந்தான்.
உதடு அசையப் படித்தான்.
பழையபடி வைத்து மூடினான்.
"அவகிட்ட சொல்லப்போறது நீயா, நானா?"
பதினோரு வயது.
புது பூட்ஸின் லேஸைக் கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாது.

ஈரக் கோட்டைக் கழற்றாமல்
வாசலில் நின்றே படித்தாள்.
குதிக்கவில்லை.
"எப்ப வந்துச்சு?"
"திங்கட்கிழமை" என்றேன்.
அவள் என் கையைத்தான் பார்த்தாள், முகத்தை அல்ல.
கடிதத்தோடு மாடிக்குப் போனாள்.

பதில் அனுப்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாயின் சத்தம் மட்டும்.
பிறகு மேலே பசூன் தொடங்கியது,
பாங்கோரில் இடறிய அதே ஸ்கேல்.
நான் வெங்காயத்தை எடுத்தேன்.
வழக்கமான இடம் வந்ததும் கத்தி நின்றது.
அவள் நிற்கவில்லை.
அதே மூச்சில்
இன்னும் நான்கு ஸ்வரம் கடந்துபோய்
எனக்குத் தெரியாத ஓரிடத்தில்
மூச்செடுத்தாள்.